பட்டியலில் இடம்பெறாத நுண் ஆர்.என்.ஏ.: ராஜகுளத்திலிருந்து ஒரு ரத்தப் புற்றுநோய்க் கேள்வி

ஐரோப்பிய லுகேமியா வலையமைப்பு 2022இல் தீவிர மைலாய்டு லுகேமியாவுக்கான அபாய வகைப்பாட்டைத் திருத்தி வெளியிட்டது. நோயாளிக்குக் கீமோதெரபி மட்டும் போதுமா, எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை வேண்டுமா என்று முடிவெடுக்கும் மருத்துவர்கள் பல நாடுகளில் இந்த ஆவணத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். என்.பி.எம்.1, எஃப்.எல்.டி.3, சி.இ.பி.பி.ஏ., டி.பி.53, ஏ.எஸ்.எக்ஸ்.எல்.1 என்று மரபணுப் பெயர்கள் அதில் வரிசையாக நிற்கின்றன. நுண் ஆர்.என்.ஏ. ஒன்றுகூட இல்லை.

இதில் ஒரு முரண் உண்டு. இந்த நோயில் நுண் ஆர்.என்.ஏ.க்களின் அளவு எப்படி மாறுகிறது என்று ஏறக்குறைய இருபது ஆண்டுகளாகக் கட்டுரைகள் வந்தபடி இருக்கின்றன. உலகின் முதன்மையான மருத்துவ இதழ்களிலேயே வந்திருக்கின்றன. நுண் ஆர்.என்.ஏ.யை 1993இல் புழுவொன்றில் கண்டறிந்த விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ரவ்குனும் 2024இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார்கள். இவ்வளவு இருந்தும் மருத்துவமனை வாசலைத் தாண்டி அது உள்ளே வரவில்லை. ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அதை ராஜகுளத்திலிருந்து கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. காஞ்சிபுரத்தை ஒட்டி, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கும் இவ்வூரிலோ, தெற்கே உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமமொன்றிலோ ஒருவருக்கு இந்த நோய் வந்தால் அவருக்கு எந்தப் பரிசோதனை உண்மையில் பயன்படும் என்று கேட்கும்போது, ஆய்வுக்கூடத்துக்குள் நின்று கேட்டால் கிடைக்காத விடை ஒன்று கிடைக்கிறது.

நோயும் அதன் மரபணுக்களும்

எலும்பு மஜ்ஜையில் வெள்ளையணுவாக முதிர வேண்டிய செல்கள் முதிராமலேயே பெருகி, இயல்பான ரத்த உற்பத்திக்கு இடமில்லாமல் அடைத்துக்கொள்வதுதான் தீவிர மைலாய்டு லுகேமியா. சிவப்பணு குறைவதால் சோர்வும், தட்டணு குறைவதால் ஈறில் ரத்தக் கசிவும், நல்ல வெள்ளையணு குறைவதால் விடாத காய்ச்சலும் வருகின்றன. டெங்கு பரவும் மாதங்களில் காய்ச்சலும் தட்டணுக் குறைவும் சேர்ந்து வந்தால் யாருடைய சந்தேகமும் முதலில் டெங்கு மீதுதான் போகும். அதைக் குறை சொல்லவும் முடியாது.

நெடுங்காலம் இந்த நோயைக் குரோமோசோம்களைப் பார்த்தே வகைப்படுத்தினார்கள். எட்டாவது குரோமோசோமும் இருபத்தொன்றாவதும் துண்டு மாற்றிக்கொண்டிருந்தால் ஒரு வகை, பதினைந்தும் பதினேழும் மாற்றிக்கொண்டிருந்தால் இன்னொரு வகை. சிக்கல் என்னவென்றால், ஏறக்குறைய பாதி நோயாளிகளுக்குக் குரோமோசோம்கள் பார்வைக்கு இயல்பாகவே இருக்கும். ஒரே பெயர் கொண்ட நோயில் ஒருவர் பிழைக்க, இன்னொருவர் ஓராண்டுக்குள் இறந்துபோவது ஏன் என்று இந்தப் பாதிப் பேரிடம் விளக்க முடியவில்லை. 1996இல் எஃப்.எல்.டி.3 மரபணுவின் ஒரு பகுதி இரட்டிப்பாவதும், 2005இல் இத்தாலியின் புருனோ ஃபலினி குழுவினர் மூலம் என்.பி.எம்.1 திடீர்மாற்றமும் தெரியவந்த பிறகுதான் இந்த இருட்டு விலகத் தொடங்கியது. 2013இல் வெளியான அமெரிக்கப் புற்றுநோய் மரபணுத்தொகுதித் திட்டம் 200 நோயாளிகளின் மரபணுக்களைப் படித்தது. ஒரு நோயாளிக்குச் சராசரியாக 13 மரபணுக்களில்தான் திடீர்மாற்றம் இருந்தது. மற்றப் புற்றுநோய்கள் பலவற்றோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. எஃப்.எல்.டி.3, என்.பி.எம்.1, டி.என்.எம்.டி.3ஏ ஆகிய மூன்றும் ஒவ்வொன்றும் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டோரிடம் காணப்பட்டன.

இவ்வளவு சிறிய எண்ணிக்கையிலான மாற்றங்கள் ஒரு செல்லின் நடத்தையை அடியோடு புரட்டிப்போடுவது எப்படி? நுண் ஆர்.என்.ஏ. ஆராய்ச்சி இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தது.

திடீர்மாற்றத்தின் கைத்தடம்

நுண் ஆர்.என்.ஏ. என்பது ஏறக்குறைய 22 எழுத்துகள் மட்டுமே கொண்ட ஆர்.என்.ஏ. துணுக்கு. அதிலிருந்து புரதம் எதுவும் உருவாவதில்லை. புரதம் செய்யக் கட்டளை கொண்டுபோகும் தூது ஆர்.என்.ஏ.யில் ஒட்டிக்கொண்டு அந்தக் கட்டளையை அடக்குவதே அதன் வேலை. ஒரே துணுக்கு நூற்றுக்கணக்கான கட்டளைகளை அடக்கக்கூடும். ஒரு திடீர்மாற்றம் ஒரு நுண் ஆர்.என்.ஏ.யின் அளவைத் தொட்டுவிட்டால் அதன் விளைவு செல் முழுதும் பரவும்.

2008ஐ ஒட்டி வந்த ஆய்வுகளில் சில தொடர்புகள் உறுதியாக நிலைபெற்றன. என்.பி.எம்.1 மாறிய லுகேமியாவில் மிர்-10ஏ, மிர்-10பி ஆகியவை உயர்ந்திருக்கும். இதில் மர்மம் எதுவும் இல்லை. என்.பி.எம்.1 மாறினால் ஹாக்ஸ் எனப்படும் மரபணுக் கொத்துகள் விழித்துக்கொள்கின்றன. மிர்-10 குடும்பம் அந்தக் கொத்துகளுக்குள்ளேயே குடியிருக்கிறது. வீட்டுக்காரர் விழித்தால் குடியிருப்பவரும் விழிப்பார். சி.இ.பி.பி.ஏ. மாறியவர்களிடம் மிர்-181ஏ உயர்ந்திருந்தது; அவர்கள் பொதுவாக நன்றாகவும் தேறினார்கள். எட்டும் இருபத்தொன்றும் துண்டு மாற்றிக்கொண்டதால் உருவாகும் கலப்புப் புரதம் மிர்-223ஐ நேரடியாக அடக்கிவிடுகிறது என்று ரோமில் 2007இல் காட்டினார்கள். வெள்ளையணு முதிர்வதற்கு மிர்-223 தேவை என்பதால், முதிர்ச்சி ஏன் தடைப்படுகிறது என்பதற்கு இது பாதி விளக்கம். மிர்-29பி குறைந்தால் டி.என்.எம்.டி.3ஏ கட்டுப்பாடின்றிப் போகும்.

இவற்றில் சுவையான எடுத்துக்காட்டு மிர்-155. எஃப்.எல்.டி.3 இரட்டிப்பு உள்ளவர்களிடம் இது உயர்ந்திருப்பதை ரமிரோ கார்ஸோன், கார்லோ குரோசே குழுவினர் 2008இல் கண்டார்கள். எஃப்.எல்.டி.3இன் கட்டளையால்தான் உயர்கிறதா என்றும் சோதித்தார்கள். இல்லை, அந்தக் கட்டளையோடு தொடர்பில்லை என்பது அவர்களுடைய முடிவு. 2015இல் ஜெர்மானியக் குழுவொன்று நேர்மாறாகச் சொன்னது: எஃப்.எல்.டி.3 இரட்டிப்பு, என்.எஃப்.கப்பா-பி, ஸ்டாட்5 என்னும் இரு வழிகளால் மிர்-155ஐ உயர்த்துகிறது, அது பி.யு.1 என்ற முதிர்ச்சிக் காரணியை அடக்குகிறது. இரண்டும் நேர்மையான ஆய்வுகளே. பிந்தையது கூடுதல் சோதனைகளைக் கொண்டது என்பதால் என் சாய்வு அதன் பக்கம். ஆனால் மருத்துவப் பயனைப் பொறுத்தவரை இந்தச் சச்சரவு ஒரு அடிப்படைக் கேள்வியை எழுப்புகிறது: எஃப்.எல்.டி.3 இரட்டிப்பு இருப்பது முன்பே தெரிந்தபின் மிர்-155ஐ அளப்பதால் புதிதாக எது தெரியும்?

தனிச் சாட்சியா, எதிரொலியா?

நுண் ஆர்.என்.ஏ. தனிச் சாட்சி என்பதற்குச் சாதகமான சான்றை முதலில் முழு வலிமையோடு முன்வைப்பதே முறை. 2008இல் குய்டோ மார்குச்சி குழுவினர் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குரோமோசோம்கள் இயல்பாக இருந்தும் மரபணு நிலையில் அபாயம் கூடிய, 60 வயதுக்குக் குறைந்த 64 பேரை எடுத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு அளவுகோல்கள் கொண்ட ஒரு நுண் ஆர்.என்.ஏ. கையொப்பம் அவர்களுடைய கதியோடு பொருந்தியது. வேறு 55 பேரிடமும் அது நின்றது. மிர்-181 குடும்பம் உயர உயர நோய் திரும்பும் அபாயம் குறைந்தது. 2013இல் அதே வட்டத்தினர் 363 பேரிடம் மிர்-155ஐ மட்டும் அளந்து, எஃப்.எல்.டி.3 முதலான மற்ற எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் உயர்ந்த மிர்-155 தனியாகவே தீய அறிகுறி என்று நிறுவினார்கள். நுண் ஆர்.என்.ஏ. வெறும் எதிரொலி என்று ஒதுக்கிவிட இது இடம் தரவில்லை.

ஆனால் மற்றக் குழுக்களின் பட்டியல்களை இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். குரோசே ஆய்வகத்தின் இன்னொரு 2008 ஆய்வில் தீய அறிகுறிகளாக வெளிப்பட்டவை மிர்-191, மிர்-199ஏ. தைவான் குழுவினர் 2015இல் முன்வைத்த மூவர் பட்டியலில் மிர்-9, மிர்-155, மிர்-203 இருந்தன. வேறொரு குழு பி.ஏ.ஏ.எல்.சி. மரபணுவுக்குள் ஒளிந்திருக்கும் மிர்-3151ஐச் சுட்டியது. பட்டியல்களைத் தாண்டித் திரும்பத் திரும்ப வருவது மிர்-155 ஒன்றுதான் என்று சொல்லலாம். மற்றவை ஆய்வுக்கு ஆய்வு மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆய்வாளர்கள் கவனக்குறைவானவர்கள் என்பதல்ல இதன் பொருள். ஒரு ஆய்வில் இளையோர், இன்னொன்றில் முதியோர். ஓரிடத்தில் மஜ்ஜை, இன்னோரிடத்தில் ரத்தம். அளந்த கருவிகளும் வேறு. நூற்றுக்கணக்கான அளவுகளிலிருந்து சிலவற்றைப் பொறுக்கும்போது, சில டஜன் நோயாளிகள் உள்ள தொகுப்பில் தற்செயலும் உள்ளே நுழைந்துவிடும்.

அடிப்படை வேறுபாடு இதைவிட ஆழமானது. என்.பி.எம்.1 திடீர்மாற்றம் ஒரு செல்லில் இருக்கும் அல்லது இருக்காது; இயல்பான ரத்த செல்லில் அது இல்லை. நுண் ஆர்.என்.ஏ. எல்லா செல்களிலும் உண்டு. கூடுதலா குறைவா என்றுதான் கேட்க முடியும். எங்கள் பக்கத்து ஏரிக்கரைகளை வைத்துச் சொன்னால், திடீர்மாற்றம் கரையில் விழுந்த உடைப்பு, நுண் ஆர்.என்.ஏ. அளவு கீழே வாய்க்காலில் தெரியும் நீர்மட்டம். மட்டம் உயர்ந்தால் கரை உடைந்ததாலும் இருக்கலாம், மழையாலும் இருக்கலாம். உடைப்பு என்ற உறுதி எவ்வளவு பெரிய பலம் என்பதை 2016இல் பிரிட்டனில் வந்த ஓர் ஆய்வு காட்டியது. என்.பி.எம்.1 மாறிய நோயாளிகளுக்கு இரண்டாம் சுற்று கீமோ முடிந்ததும் ரத்தத்தில் மாறிய என்.பி.எம்.1இன் தடயம் எஞ்சியிருக்கிறதா என்று பார்த்தார்கள். எஞ்சியிருந்தவர்களில் மூன்றாண்டுகளுக்குள் 82 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. இல்லாதவர்களில் 30 விழுக்காடு. இப்படி ஒரு வெட்டுக்கோட்டை எந்த நுண் ஆர்.என்.ஏ.யும் இதுவரை தரவில்லை.

மழை என்று சொன்னதையும் விளக்க வேண்டும். மிர்-155 லுகேமியாவின் தனிச்சொத்து அல்ல. கிருமியின் கூறுகள் பட்டதும் பாதுகாப்புச் செல்களில் மிர்-155 எழும்புகிறது என்பது 2007இலேயே தெரியும். நம் ஊர்களில் லுகேமியா நோயாளி மருத்துவமனைக்கு வரும்போது பெரும்பாலும் காய்ச்சலோடும் தொற்றோடும்தான் வருகிறார். அந்த நாளில் எடுத்த ரத்தத்தில் உயர்ந்த மிர்-155 லுகேமியாவைச் சொல்கிறதா, நிமோனியாவைச் சொல்கிறதா? கட்டுப்பாடான மருத்துவச் சோதனைகளில் நுழைந்த அமெரிக்க நோயாளிகளிடம் கணக்கிட்ட எல்லைக்கோட்டை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது என்பது என் ஐயம். அதுபோல, பிளாஸ்மாவில் நுண் ஆர்.என்.ஏ. அளப்பவர்கள் ஒப்பீட்டு அளவாக அடிக்கடி மிர்-16ஐ வைப்பார்கள். சிவப்பணு உடைந்தால் மிர்-16 பிளாஸ்மாவில் கொட்டிவிடும். வெயிலில் பயணித்து வரும் மாதிரிக்குழாயில் சிவப்பணு உடைவது அரிதல்ல. நுண் ஆர்.என்.ஏ. சாதாரண ஆர்.என்.ஏ.யைவிட எளிதில் சிதையாது என்ற உண்மை இங்கே அரைகுறை ஆறுதல்தான். துணுக்கு சிதையாமலே இருக்கலாம். அதைச் சுற்றியுள்ள கலவை மாறிவிடுகிறதே.

மருந்தாக மாற்றும் முயற்சியும் சொல்லத்தக்க வெற்றி பெறவில்லை. மிர்-34ஏயின் போலியை மனிதர்களுக்குச் செலுத்திய முதல் சோதனை 2013இல் கல்லீரல் புற்று முதலிய நோய்களில் தொடங்கியது. கடுமையான நோயெதிர்ப்புப் பக்கவிளைவுகளால் 2016இல் அது நிறுத்தப்பட்டது. நூற்றுக்கணக்கான கட்டளைகளைத் தொடுவது என்ற அதே பண்புதான் இங்கே வினையாயிற்று.

வேலூர்: மரபணுவும் பாஷாணமும்

நெடுஞ்சாலையில் ராஜகுளத்திலிருந்து மேற்கே போனால் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி வட்டாரம். இந்த நோயின் ஒரு கிளைவகையில் உலகம் கவனித்த ஆய்வு அங்கேதான் நடந்தது. அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா என்ற அக்கிளை, பதினைந்தும் பதினேழும் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் பி.எம்.எல்., ராரா என்ற இரு மரபணுக்கள் ஒட்டிப்போய் உண்டாவது. ஒரு காலத்தில் இது மிக வேகமாகக் கொல்லும் லுகேமியா. ரத்தம் உறையாமல், மூளையில் கசிந்து இறந்துபோவார்கள். சீனாவில் ஷாங்காய் மருத்துவர்கள் வைட்டமின் ஏயின் உறவான ஆட்ராவையும், ஹார்பின் மருத்துவர்கள் ஆர்சனிக் ட்ரையாக்சைடையும் இதற்கு மருந்தாக்கினார்கள். சித்த மருத்துவ நூல்கள் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்லும் பொருள்தான் இந்த ஆர்சனிக். (இதைக் கேட்டு யாரும் பாஷாணம் தேடிப் போக வேண்டாம். சிரைவழியே, அளந்து, இதயத்தின் மின்துடிப்பைக் கண்காணித்துக்கொண்டே செலுத்தும் மருந்து இது.)

வேலூரில் விக்ரம் மேத்யூஸ், மாமன் சாண்டி குழுவினர் ஆட்ராவும் கீமோவும் இல்லாமல், ஆர்சனிக்கை மட்டுமே தனி மருந்தாக வைத்து, 1998 முதல் 2004 வரை புதிதாக நோய் கண்ட 72 பேருக்குச் சிகிச்சை செய்தார்கள். ஆட்ராவோடு கீமோவும் சேர்ந்த வழக்கமான முறை நம் நோயாளிகள் பலருக்கு எட்டாத செலவு என்பதே இதற்கான முதற்காரணம். 86 விழுக்காட்டினருக்கு நோய் முழுமையாகத் தணிந்தது. மூன்றாண்டில் உயிரோடு இருந்தவர்களும் ஏறக்குறைய அதே விகிதம். 2006இல் இது 'பிளட்' இதழில் வெளிவந்தது. 2013இல் இத்தாலிய–ஜெர்மானியக் குழு ஆர்சனிக்கையும் ஆட்ராவையும் சேர்த்துக் கொடுத்தது. இரண்டாண்டில் நோய்த்தொந்தரவின்றி இருந்தவர்கள் 97 விழுக்காடு, ஆட்ரா–கீமோ பெற்றவர்களில் 86 விழுக்காடு. கீமோ இல்லாமலே ஒரு தீவிர லுகேமியாவைக் குணப்படுத்தலாம் என்பது இன்று பாடநூல் செய்தி.

இந்தக் கிளைவகையில் நுண் ஆர்.என்.ஏ. என்ன செய்கிறது என்பதும் நன்கு ஆராயப்பட்டிருக்கிறது. ஆட்ரா கொடுத்ததும் மிர்-223, மிர்-15ஏ, மிர்-16 ஆகியவை உயர்கின்றன, மிர்-181பி தாழ்கிறது. செல் எப்படி முதிர்கிறது என்பதை விளக்குவதில் இதற்கு ஈடில்லை. ஆனால் எந்த நோயாளிக்கு ஆர்சனிக் கொடுப்பது என்று முடிவு செய்ய இது யாருக்கும் தேவைப்படவில்லை. பி.எம்.எல்.–ராரா இருக்கிறதா இல்லையா என்ற ஒற்றைக் கேள்வி போதுமானதாக இருந்தது, ஏனென்றால் ஆர்சனிக் அந்தக் கலப்புப் புரதத்தின் பி.எம்.எல். பகுதியிலேயே போய் ஒட்டி அதை அழிக்கிறது.

வேலூர் ஆய்வில் என்னை அதிகம் நிறுத்தியது வேறொரு வரி. நோய் கண்டறியும்போது வெள்ளையணு ஐயாயிரத்துக்குக் கீழும் தட்டணு இருபதாயிரத்துக்கு மேலும் இருந்த 22 பேரில் ஒருவருக்குக்கூட நோய் திரும்பவில்லை. அவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. சிறிய குழுதான்; அதை மிகைப்படுத்தக் கூடாது. ஆனால் இவை ஒரு சிறிய ஊர் ஆய்வகத்தின் ரத்தக் கணக்கு இயந்திரம் துப்பும் தாளிலேயே இருக்கும் இரண்டு எண்கள். எந்த நுண் ஆர்.என்.ஏ. கையொப்பமும் இந்த எண்களோடு முதலில் போட்டியிட்டு ஜெயிக்க வேண்டும்.

ராஜகுளத்துக் கணக்கு

புரோமைலோசைட்டிக் அல்லாத மற்ற வகைகளுக்கு நிலைமை இவ்வளவு இனிமையாக இல்லை. ஏழு நாள் சைட்டராபினும் மூன்று நாள் ஆந்த்ராசைக்ளினும் என்ற 1973ஆம் ஆண்டு முறைதான் இன்றும் முதுகெலும்பு. எஃப்.எல்.டி.3 மாறியவர்களுக்கு மிடோஸ்டாரினும் (2017), தீவிர கீமோ தாங்காதவர்களுக்கு வெனிடோகிளாக்ஸும் (2018) அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றுச் சேர்ந்தன. இவ்விரண்டில் எஃப்.எல்.டி.3 மருந்து ஒரு மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்குகிறது. ஒரு நுண் ஆர்.என்.ஏ. சோதனையைக் கட்டாயமாக்கும் மருந்து எதுவும் இந்த நோய்க்கு இல்லை.

வேலூரிலிருந்தே வந்த மற்றோர் ஆய்வை இங்கே எடுத்துக்கொள்ள வேண்டும். 2012ஆம் ஆண்டில் அங்கே 380 பேருக்குத் தீவிர மைலாய்டு லுகேமியா கண்டறியப்பட்டது. நடு வயது 40. மேலைநாடுகளில் இது அறுபத்தைந்தைத் தாண்டும். இவர்களில் தரமான முழுச் சிகிச்சையைத் தொடங்கியவர்கள் 109 பேர், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றவர்களில் பெரும்பாலோருக்குத் தடையாக நின்றது பணம். தொடங்கியவர்களிலும் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் முதற்கட்ட கீமோவின்போதே இறந்தார். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களும் பூஞ்சைகளுமே முக்கியக் காரணம்.

நோய்க்கணிப்புக் குறியீடு எதுவானாலும் ஒரு நிபந்தனையோடுதான் வேலை செய்கிறது: சிகிச்சை நடந்தால், நோயாளி முதல் மாதத்தைத் தாண்டினால். மார்குச்சியின் 64 பேரும் 363 பேரும் அந்த நிபந்தனை பெரும்பாலும் நிறைவேறிய உலகத்தினர். நோய் திரும்புவதாலேயே பெரும்பாலோர் இறக்கும் இடத்தில் மிர்-155 ஒரு முன்னறிவிப்பு. தொற்றாலும் செலவாலும் இறக்கும் இடத்தில் அதன் எடை குறைந்துபோகிறது. உயிரியல் விதி இங்கே வேறாகிவிடவில்லை. வேறு காரணங்கள் முந்திக்கொள்கின்றன. நுண் ஆர்.என்.ஏ. குறித்த இந்திய ஆய்வுகள் பல இந்த நிபந்தனையைச் சொல்லாமலே விடுவது ஒரு குறை என்பது என் கருத்து.

காஞ்சிபுரம் மாவட்டம் புற்றுநோய்ச் சிகிச்சையின் வரைபடத்தில் முற்றிலும் வெறுமையான இடம் அல்ல. பேரறிஞர் அண்ணா உணவுக்குழாய்ப் புற்றால் இறந்த 1969இல் தொடங்கிய அரசுப் புற்றுநோய் மருத்துவமனை காரப்பேட்டையில் இருக்கிறது. கிழக்கே சென்னையில் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை உதவுகிறது. 2012இன் அந்தப் பணத்தடை இன்று ஓரளவு தளர்ந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான். ஆனால் மாதக்கணக்கில் வேலை இழந்து, துணைக்கு ஒருவரோடு நகரத்தில் அறை எடுத்துத் தங்கும் செலவு எந்தக் காப்பீட்டுக் கணக்கிலும் வராது.

அப்படியென்றால் ஒரு மஜ்ஜை மாதிரி எடுத்தவுடன் எதைத் தேடுவது? முதலில் பி.எம்.எல்.–ராரா, தாமதித்தால் ரத்தக்கசிவில் உயிர் போகும் வகை அது. கண்ணாடித் தகட்டில் ரத்தப்பூச்சைப் பார்த்தே சந்தேகம் எழுந்துவிட்டால், மரபணு முடிவுக்குக் காத்திராமல் ஆட்ரா மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும் என்று சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அடுத்து எஃப்.எல்.டி.3, என்.பி.எம்.1, குரோமோசோம் பகுப்பாய்வு. இவை முடிந்தபின் மிஞ்சும் பணமும் மாதிரியும் நுண் ஆர்.என்.ஏ.க்குப் போகலாம், ஆனால் ஆராய்ச்சிக்காக, நோயாளியின் செலவில் அல்ல. தனியார் ஆய்வகம் எதுவும் 'நுண் ஆர்.என்.ஏ. பேனல்' என்று ஒரு விலைப்பட்டியலை நீட்டினால், அதன் முடிவு சிகிச்சையில் எதை மாற்றும் என்று கேட்டால் போதும்.

ஆராய்ச்சி என்றால் அது எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடலாம். கொரோனாக் காலத்தில் ஆர்.டி.–பி.சி.ஆர். கருவிகள் மாவட்டத் தலைநகரங்கள் வரை வந்துவிட்டன. மிர்-155ஐ அளக்க அதே நுட்பம் போதும். அளக்கும் நாளில் நோயாளிக்குக் காய்ச்சல் இருந்ததா, தொற்று இருந்ததா, எந்த நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஓடியது என்று பதிவு செய்ய வேண்டும். மாதிரி எடுத்த நேரமும் பிரித்த நேரமும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முழுச் சிகிச்சையைத் தொடங்காதவர்களின் மாதிரியும் தொகுப்பில் இருக்க வேண்டும், அவர்கள் என்ன ஆனார்கள் என்ற தகவலோடு. 2012இல் வேலூரில் கணக்கிட்ட 380 பேரில் 271 பேர் அப்படிப்பட்டவர்கள். மருத்துவச் சோதனைகளின் உயிர்வாழ்வு வரைகோடுகள் நோயாளி சோதனையில் சேர்ந்த பிறகுதான் தொடங்குகின்றன. இந்த 271 பேர் அவற்றில் ஒரு புள்ளியாகக்கூட வரமாட்டார்கள்.